சிம்மபுரப் பள்ளத்தாக்கும் ஜினகாஞ்சியும்

அருகன் அறம் பாரத நாட்டின் நாற்றிசையிலும் தழைத்திருந்தது என்பதை நாம் பெருமையுடன் கூறிவருகிறோம். தெற்கே திருச்சாரணத்து மலையும், கிழக்கே கலிங்கத்து உதயகிரி, கந்தகிரிக் குகைகளும், மேற்கே நேமிநாதர் முக்தி எய்திய கிர்நார் மலையும், வடக்கே மதுராபுரியின் கங்காளித் திட்டும் அதற்குச் சான்று கூறி நிற்கின்றன. ஆனால், சிந்து நதிக்கு அருகே, பஞ்சாபின் வடமேற்குக் கோடியில், மலைகள் சூழ்ந்த ஒரு சிறு பள்ளத்தாக்கிலும் சமணத் துறவியர் வாழ்ந்து இரவும் பகலும் தவமியற்றினர் என்பது நம் இல்லங்களில் அதிகம் பேசப்படாத செய்தியாகும். அங்கு இன்று ஒரு சமணரும் இல்லை. அவர்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதை உலகுக்கு உணர்த்தியவர்கள் இருவர். ஒருவர் ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங். மற்றவர் அவருக்கு 1250 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நூலைக் கையிலேந்திச் சென்ற அறிஞர் ஆரல் ஸ்டைன். அவ்விருவரின் வழியாக அப்பள்ளத்தாக்கினைக் கண்டு, அது தமிழ்ச் சமணராகிய நமக்கு உணர்த்துவது யாது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் நீரும்

இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில், ஜீலம் ஆற்றுக்கும் சிந்து நதிக்கும் இடையே ஒரு மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. பாறை உப்பு மிகுதியாகக் கிடைப்பதால் அதற்கு உப்பு மலைத்தொடர் என்று பெயர். புகழ்பெற்ற கேவ்ரா உப்புச் சுரங்கம் இம்மலையிலேயே உள்ளது. தெற்கிலிருந்து பார்ப்பவருக்கு இது வறண்ட செம்பாறைச் சுவராகத் தோன்றும். மேலேறிச் சென்றால் சிறு சமவெளிகளும், ஊற்று நீர் ஓடும் குறுகிய பள்ளத்தாக்குகளும் காணப்படும். சுற்றிலும் உவர் நிலமும் கல்லும் இருக்க, நன்னீர் கிடைக்கும் இடங்கள் சிலவே. ஆகவே அம்மலையில் மனிதர் வாழ்ந்ததும், கோயில் எடுத்ததும், துறவியர் தங்கியதும் அந்நன்னீர் ஊற்றுகளின் ஓரத்திலேயே ஆகும்.

அவ்வாறான ஊற்றுகளுள் புகழ் பெற்றது கடாஸ் என்னும் இடத்துப் பொய்கை. சக்வால் மாவட்டத்தில் சோவா சைதன் ஷா என்ற சிற்றூருக்கு அருகே அது உள்ளது. அதனைச் சுற்றிப் பழமையான சிவாலயங்கள் உள்ளன. அதே வட்டாரத்தில் கந்தாலா என்ற சிற்றாறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் நடுவே எழும் ஒரு சிறு குன்றினை அவ்வூர் மக்கள் 'மூர்த்தி' என்று அழைத்துவந்தனர். நம் கதை அக்குன்றினைப் பற்றியதே.

யுவான் சுவாங் கண்டவை

புத்தர் வாழ்ந்த இடங்களைத் தரிசிக்கவும், பௌத்த நூல்களைத் திரட்டவும் சீனத்திலிருந்து புறப்பட்டு, மத்திய ஆசியப் பாலைவனங்களைக் கடந்து வந்தவர் யுவான் சுவாங். கி.பி. 631 அளவில் அவர் தட்சசீலத்தை அடைந்தார். நாடு திரும்பிய பின், 646 இல் நிறைவுற்ற தம் பயண நூலில், தட்சசீலத்திலிருந்து தென்கிழக்கே 700 லீ தொலைவில் சிம்மபுரம் என்னும் நாடு இருந்ததாக எழுதினார். லீ என்பது சீன நாட்டு நீட்டலளவை. மூன்று லீ ஏறக்குறைய ஒரு மைலாகும். சிம்மபுர நாட்டுக்குத் தனியரசன் இல்லை. அது காஷ்மீர அரசுக்குக் கீழ்ப்பட்டிருந்தது. தலைநகர் மலைகளால் சூழப்பட்டது. குளிர் மிகுந்த நாடு. மக்கள் முரட்டு இயல்பினர் என்றும் அவர் குறித்தார்.

தலைநகருக்குத் தென்கிழக்கே 40 அல்லது 50 லீ தொலைவில் அசோகர் எடுத்த கல் தூபி ஒன்று நின்றது. அதனருகே பத்துப் பொய்கைகள் இருந்தன. அவற்றின் கரைகள் விந்தையான உருவங்கள் செதுக்கிய கற்களால் அமைந்திருந்தன. தெளிந்த நீரில் நான்கு நிறத் தாமரைகள் மலர்ந்திருந்தன. சுற்றிலும் பழமரங்கள் செறிந்திருந்தன. அங்கே ஒரு பௌத்த விகாரையும் இருந்தது. ஆனால் அதில் நெடுங்காலமாகத் துறவியர் எவரும் இல்லை.

அத்தூபிக்குச் சிறிது தொலைவில், 'வெள்ளாடைச் சமயத்தாரின்' முதல் ஆசான் தாம் தேடிய மெய்ப்பொருளை அறிந்து முதன்முதலில் அறமுரைத்த இடம் இருந்ததாக யுவான் சுவாங் கூறுகிறார். அதனை அறிவிக்கும் கல்வெட்டு ஒன்று அங்கே நடப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கோயில் இருந்தது. அங்குள்ளோர் இரவும் பகலும் சோர்வின்றிக் கடுந்தவம் புரிந்தனர் என்றும், அவர்களுள் ஆடையின்றி இருப்போர் உண்டு, உடுப்போர் வெள்ளாடையே உடுப்பர் என்றும், தலையில் சிறிதளவு மயிர் மட்டும் விட்டிருப்பர் என்றும், அவர்கள் வணங்கும் திருவுருவம் புத்தரின் உருவத்தை ஒத்தது என்றும் அவர் எழுதினார்.

பௌத்த விகாரை பாழாகிக் கிடக்க, அதன் பக்கத்திலேயே சமணப் பள்ளி உயிருடன் விளங்கியது என்பது இக்குறிப்பினால் தெளிவாகிறது. தம் சமயத்தின் தாழ்வையும் பிற சமயத்தின் ஊக்கத்தையும் ஒரே இடத்தில் கண்டு அதனை மறைக்காமல் எழுதிய அப்பயணியின் நேர்மையை நாம் போற்றுதல் வேண்டும்.

பயணியின் சொல்லும் மெய்ம்மையும்

எனினும் அவர் எழுதியவை அனைத்தையும் அப்படியே கொள்ளுதல் இயலாது. வெள்ளாடைச் சமயத்தார் தம் கோட்பாடுகளைப் பெரும்பாலும் பௌத்த நூல்களிலிருந்தே எடுத்துக்கொண்டனர் என்று அவர் கூறினார். மூத்த துறவியர் பிக்குகள் என்றும், இளையோர் சிராமணேரர் என்றும் பௌத்தச் சொற்களாலேயே அவர்களைக் குறித்தார். பிற சமயத்தவரின் வாழ்வைத் தம் சமயத்தின் கண்ணாடி வழியே கண்டார் என்பது இதனால் விளங்கும்.

தலையில் சிறிது மயிர் விட்டிருந்தனர் என்ற குறிப்பும் இத்தகையதே. நம் துறவியர் மழிப்பதில்லை. சில திங்களுக்கு ஒருமுறை கேசலோசம் செய்வர். லோசம் செய்து சில வாரங்கள் சென்ற தலையில் குறுமயிர் வளர்ந்திருப்பதைக் கண்ட ஒருவர், அதனைச் சமயச் சின்னமாகவே கருதியிருக்கக் கூடும்.

முதல் ஆசான் அறமுரைத்த இடம் என்ற செய்தியையும் ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். மகாவீரர் ரிஜுகூலா நதிக்கரையில் கேவலஞானம் எய்தி, இராசகிருகத்து விபுலாசலத்தில் முதல் திவ்வியத்தொனி அருளினார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவருவது. பதினோராம் தீர்த்தங்கரராகிய சிரேயாம்சநாதர் அவதரித்த சிம்மபுரியோ காசிக்கு அருகே சாரநாத்தில் உள்ளது. பெயர் ஒத்திருப்பது கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த சமணர் தம் இடத்தை ஒரு புனிதத் தலமாகவே மதித்து, அதற்கென ஒரு வரலாற்றைக் கல்லிலும் பொறித்து வைத்திருந்தனர் என்பதே யுவான் சுவாங்கின் சொல்லிலிருந்து நாம் உறுதியாகப் பெறுவது.

வடமேற்கு நிலத்தைப் பற்றிய நினைவு சமண இலக்கியத்திலும் உண்டு. ஆதிபகவனின் திருமகனார் பாகுபலி ஆண்ட நகரம் போதனபுரம் என்பது திகம்பர மரபு. சுவேதாம்பர நூல்களோ அவருடைய நகரம் தட்சசீலம் என்று கூறும். இம்மரபினைப் போற்றியோர் தட்சசீலத்துக்கு அடுத்த நாட்டில் ஒரு தலத்தைக் கொண்டிருந்ததில் வியப்பில்லை.

ஐரோப்பிய அறிஞரின் தேடல்

யுவான் சுவாங்கின் நூலைப் பிரெஞ்சு மொழியில் ஸ்தானிஸ்லாஸ் ஜூலியன் 1857, 1858 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சாமுவேல் பீல் ஆங்கிலத்தில் 1884 இல் வெளியிட்டார். அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் பலர் சமணம் பௌத்தத்திலிருந்து பிரிந்த ஒரு கிளையே என்று கருதிவந்தனர். சமணர் தம் கொள்கையைப் பௌத்தரிடமிருந்து பெற்றனர் என்ற சீனப் பயணியின் சொல்லும் அக்கருத்துக்கு இயைந்ததாகவே இருந்தது.

இக்கருத்தினைத் தகர்த்தவர்களுள் முதன்மையானோர் ஹெர்மன் ஜாகோபியும் ஜார்ஜ் பூலரும் ஆவர். இருவரும் 1873, 1874 ஆம் ஆண்டுகளில் இராசபுதனத்தில் பயணம் செய்து, ஜெய்சல்மேர் நூற்பண்டாரத்தின் ஏடுகளைக் கண்டவர்கள். ஜாகோபி 1879 இல் கல்பசூத்திரத்தைப் பதிப்பித்தபோது, சமணம் பௌத்தத்தினும் வேறான, அதற்கு முற்பட்ட பழமையுடைய சமயம் என்று நிறுவினார். பூலர், மதுராபுரியின் கங்காளித் திட்டில் கிடைத்த கல்வெட்டுகளை ஆராய்ந்து, அவற்றில் காணும் கணங்களும் குலங்களும் சாகைகளும் கல்பசூத்திரத்தில் கூறப்பட்டவற்றோடு ஒத்திருப்பதைக் காட்டினார். ஏட்டில் இருந்தது கல்லிலும் இருந்தது. ஏடு பிற்காலப் புனைவு என்று கூற இனி வழியில்லாமற் போயிற்று.

கல்லின் சான்று எத்துணை வலியது என்பதை அறிந்திருந்த பூலர், சிம்மபுரத்தில் இருந்ததாகக் கூறப்பட்ட சமணத் தலத்தையும் தேடிக் காண விரும்பினார். அப்போது அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரிடம் பயின்ற ஆரல் ஸ்டைன் 1888 இல் லாகூரில் கீழைக் கலைக் கல்லூரியின் முதல்வராகவும் பஞ்சாப் பல்கலைக்கழகப் பதிவாளராகவும் பொறுப்பேற்றிருந்தார். புடாபெஸ்ட் நகரில் 1862 இல் பிறந்த அவ்விளைஞருக்கு யுவான் சுவாங் வழிகாட்டியும் வழிபடு தெய்வமும் போன்றவர். பிற்காலத்தில் அவர் மத்திய ஆசியாவில் செய்த பெரும் பயணங்களிலும் அச்சீனத் துறவியின் நூல் அவரை விட்டு நீங்கியதில்லை.

மூர்த்திக் குன்று

சிம்மபுரம் கடாஸ் பகுதியே என்று கன்னிங்காம் முன்னரே கருத்துரைத்திருந்தார். பூலரின் வேண்டுகோளை ஏற்ற ஸ்டைன், 1889 ஆம் ஆண்டு இறுதியில் கிடைத்த விடுமுறையில் உப்பு மலைக்குச் சென்றார். கடாஸில் அவர் கண்ட ஆலயங்கள் சமண ஆலயங்களாக இல்லை. ஆனால் அப்பகுதி மக்களின் வாய்மொழியாக மூர்த்தி என்னும் இடத்தைப் பற்றி அறிந்து கந்தாலா பள்ளத்தாக்குக்குச் சென்றார்.

குறுகிய பள்ளத்தாக்கு, ஓடும் நீர், நடுவே குன்று, அதன்மேல் இடிந்து கிடந்த சிறு கோயிலின் அடித்தளம், மண்ணில் புதைந்தும் சிதறியும் கிடந்த சிற்பத் துண்டுகள் ஆகியவற்றை அவர் கண்டார். யுவான் சுவாங் எழுதிய காட்சியோடு அவ்விடம் பொருந்துவதைக் கண்டு, இதுவே அவர் கூறிய சமணத் தலம் என்று ஸ்டைன் முடிவு செய்து, அச்செய்தியைத் தம் ஆசானுக்கு எழுதினார். பின்னர் அங்கு அகழ்வு நடத்திப் பல சிற்பங்களை வெளிக்கொணர்ந்தார். அவை ஒட்டகங்களின் மேல் ஏற்றப்பட்டு மலையிறங்கி லாகூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 40 ஆண்டுகளுக்குப் பின்னும் ஸ்டைன் அவ்விடத்தை மறக்கவில்லை. 1937 இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் மீண்டும் அதனைப் பற்றி எழுதினார்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. யுவான் சுவாங் தம் கண்ணால் கண்ட கல்வெட்டு ஸ்டைன் எடுத்தவற்றுள் இல்லை. பயணியும் கல்வெட்டு உண்டு என்று எழுதினாரேயன்றி, அதில் எழுதியிருந்தது இன்னது என்று எழுதவில்லை. அத்தலத்தைக் கட்டியவர் யார், அதற்கு நிலம் ஈந்தவர் யார், அங்குத் தவமிருந்த ஆச்சாரியர் பெயர் யாது, எந்தக் கணத்தைச் சேர்ந்தவர் என்பவற்றை அறிவிக்கக்கூடிய கல் அது ஒன்றே. ஒரே ஒரு படி எடுக்கப்பட்டிருந்தால், ஒரே ஒரு வரி ஏட்டில் ஏறியிருந்தால், அப்பள்ளத்தாக்கின் சமணர் இன்று பெயருடன் நம்முன் நிற்பர்.

எஞ்சியது பெயர்

ஸ்டைன் அங்குச் சென்ற காலத்தில் அப்பள்ளத்தாக்கில் சமணம் என்ற நினைவே இல்லை. சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் இசுலாமியர். ஆயினும் அவர்கள் நாவில் 'மூர்த்தி' என்ற பெயர் வழங்கி வந்தது. வணங்குவோர் மறைந்து, கோயில் இடிந்து, திருவுருவங்கள் மண்ணுக்குள் போன பின்னும், அங்கே ஒரு திருவுருவம் இருந்தது என்பதை அப்பெயர் பல தலைமுறைகளாகக் காத்து வந்தது. தமக்குரியதல்லாத ஒரு பெயரை மாற்றாமல் வழங்கிய அம்மக்களுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.

பஞ்சாபின் சமவெளி நகரங்களில் சமண இல்லறத்தார் பிற்காலத்திலும் வாழ்ந்தனர். லாகூர், இராவல்பிண்டி, சியால்கோட், குஜ்ரான்வாலா ஆகிய ஊர்களில் பாப்ரா என்று அழைக்கப்பட்ட சமண வணிகர்களின் தெருக்களும் ஜினாலயங்களும் இருந்தன. 1893 இல் சிகாகோ சர்வ சமயப் பேரவைக்கு அழைக்கப்பெற்று, தாம் செல்லாமல் வீர்சந்த் காந்தியை அனுப்பிய விஜயானந்த சூரி எனும் ஆத்மாராம்ஜி முனிவர், 1896 இல் குஜ்ரான்வாலாவிலேயே காலமானார். அவருடைய சமாதி அங்குள்ளது. 1947 இல் நாடு பிரிந்தபோது அவ்வில்லறத்தார் அனைத்தையும் விட்டு இந்தியா வந்தனர். லாகூரில் ஒரு நாற்சந்தியை மக்கள் இன்னும் ஜெயின் மந்திர் என்றே குறிப்பிடுகின்றனர். அங்கும் எஞ்சியது பெயரே. ஆனால் பஞ்சாபை விட்டு வந்த குடும்பங்கள் டெல்லியிலும் லூதியானாவிலும் அம்பாலாவிலும் தம் அறத்தைத் தொடர்ந்து காத்துவருகின்றன. இடத்தை இழந்தும் அறத்தை இழக்காமல் இருக்க இயலும் என்பதற்கு அவர்கள் சான்று.

அதே பயணி காஞ்சியில்

சிம்மபுரத்தைக் கண்ட அதே யுவான் சுவாங், ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பின், கி.பி. 640 அளவில் தமிழகத்துக்கும் வந்தார். அப்போது காஞ்சியில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்டான். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூறு பௌத்த விகாரைகளும் பதினாயிரம் பௌத்தத் துறவியரும் இருந்தனர் என்றும், எண்பது தேவாலயங்கள் இருந்தன என்றும், நிர்க்கிரந்தர் மிகுதியாக வாழ்ந்தனர் என்றும் அவர் எழுதினார். நிர்க்கிரந்தர் என்று அவர் குறித்தது நம் முன்னோரையே ஆகும்.

அவர் வருவதற்கு முன்னரே காஞ்சிக்கு அருகே பருத்திக்குன்றில் வர்த்தமானர் தீர்த்தம் சிறந்து விளங்கியது. அங்கிருந்த வச்சிரநந்தி ஆச்சாரியருக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் ஊர் ஒன்றினைப் பள்ளிச்சந்தமாக ஈந்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. பின்னர் 14 ஆம் நூற்றாண்டில் விசயநகர அமைச்சர் இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேன முனிவரின் ஆணைப்படி அங்கே சங்கீத மண்டபம் எடுப்பித்தார். திருப்பருத்திக்குன்றம் இன்றும் ஜினகாஞ்சி என்ற பெயருடன் நம் வழிபாட்டில் உள்ளது.

இரு காட்சிகளையும் ஒப்பிட்டு நோக்குக. ஒரே பயணி, ஒரே தலைமுறைக் காலத்துக்குள், நாட்டின் இரு கோடிகளிலும் சமணரைக் கண்டார். ஒன்று அழிந்து மண்மேடாயிற்று. மற்றொன்றில் இன்றும் விளக்கெரிகிறது. அது மட்டுமன்று. காஞ்சியில் அவர் எண்ணி எழுதிய நூறு விகாரைகளும் பதினாயிரம் பௌத்தத் துறவியரும் இன்று எங்கே? எண்ணிக்கையில் பெரியதாகவும் அவருடைய சொந்தச் சமயமாகவும் இருந்தது தமிழகத்தில் மறைந்தது. அவர் ஒரு சொல்லில் கடந்து சென்ற நிர்க்கிரந்தரின் வழித்தோன்றல்கள் வந்தவாசியிலும் ஆரணியிலும் செய்யாற்றிலும் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நால்வகைச் சங்கம்

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? அரசியலும் போரும் பிற சமயங்களின் எழுச்சியும் காரணங்களே. ஆயினும் தமிழகத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. பக்தி இயக்கக் காலத்தில் நம் பள்ளிகள் பல கைமாறின. திருச்சாரணத்து மலையின் ஜினாலயமே பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. கழுகுமலையில் நூற்றுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் உள்ளன. அவற்றை வழிபட்ட சமணக் குடிகள் அவ்வூரில் இல்லை. ஆகவே நம் நாட்டிலும் சிம்மபுரங்கள் உண்டு.

காக்கப்பட்ட இடங்களில் காத்தவர் யார் என்று பார்த்தால் விடை தெளிவாகும். மகாவீரர் நிறுவிய சங்கம் முனிவர், ஆர்யிகையர், சிராவகர், சிராவகியர் என நால்வகைப்பட்டது. இல்லறத்தாரும் சங்கத்தின் உறுப்பினரே. அவர்களுக்கென விரதங்களும் ஒழுக்க நூல்களும் வகுக்கப்பட்டன. காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டகம் சிராவகருக்கென்றே எழுந்தது. அதன் வழியில் தமிழில் அருங்கலச்செப்பு தோன்றியது. நீரை வடிகட்டிப் பருகுவதும், கதிரவன் மறையுமுன் உண்பதும், எண்ணிய நாள்களில் நோன்பிருப்பதும் மடத்துக்குள் நடப்பவை அல்ல, அடுக்களையில் நடப்பவை. மடம் இடிந்தாலும் அடுக்களை இருக்கும் வரை அவை நிற்கும்.

யுவான் சுவாங் சிம்மபுரத்தில் தவசியரைக் கண்டார், கோயிலைக் கண்டார், கல்வெட்டைக் கண்டார். அங்கு அவர்களுக்கு உணவளித்த இல்லறத்தாரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு துறவியும் ஒரு நாளும் அம்மலையில் வாழ்ந்திருக்க இயலாது. ஆயினும் அவர்கள் நூலில் இடம்பெறவில்லை. அவர்களின் மக்களும் மக்களின் மக்களும் அப்பள்ளத்தாக்கில் தொடரவில்லை. இல்லறத்தார் அகன்ற இடத்தில் கல்லும் கோயிலும் தாமே தம்மைக் காத்துக்கொள்வதில்லை என்பதே மூர்த்திக் குன்று நமக்குக் கூறுவது.

இதற்கு மாறான நிகழ்வினையும் நம் மரபு போற்றிவருகிறது. செஞ்சி நாயக்கர் காலத்தில் சமணர் கொடுந்துன்பத்துக்கு ஆளாகி, பலர் நீறு பூசிச் சைவராயினர். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். உப்புவேலூரில் அனுட்டானம் செய்துகொண்டிருந்தபோது பிடிபட்டுத் தப்பிய ஒருவர், சிரவணபெளகுளம் சென்று துறவு பூண்டு வீரசேனாச்சாரியர் ஆனார். துன்பம் நீங்கிய பின், உடையார் சிரவணபெளகுளம் சென்று அவரை அழைத்து வந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, பிரிந்தவர்களுக்கு மீண்டும் பூணூல் அணிவித்துச் சமணத்தில் சேர்த்தனர் என்பது மரபுச் செய்தி. ஓர் இல்லறத்தாரும் ஒரு துறவியும் சேர்ந்து நடந்த அந்நடையே இன்று நாம் இருப்பதற்குக் காரணம். சிம்மபுரத்துக்கு ஒரு காங்கேய உடையார் வாய்க்கவில்லை.

நம் முன் உள்ள கடமை

இன்று நம்மை எவரும் துன்புறுத்தவில்லை. ஆயினும் நம் ஊர்களில் வீடுகள் பூட்டப்படுகின்றன. கல்வியும் பணியும் நம் இளைஞரைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் கொண்டு செல்கின்றன. அது குறையன்று, வளர்ச்சியே. ஆனால் ஐம்பது குடும்பங்கள் இருந்த ஊரில் ஐந்து குடும்பங்கள் எஞ்சும்போது, அங்குள்ள ஜினாலயத்தின் நித்திய பூசை யாரோ ஒரு முதியவரின் உடல்நலத்தை நம்பி நடக்கிறது. அம்முதியவருக்குப் பின் என்ன என்ற கேள்வியை ஒத்திவைக்க இயலாது.

ஆகவே இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பூர்விக ஊரின் ஜினாலயத்துக்கு ஆண்டில் ஒருமுறையேனும் குழந்தைகளுடன் சென்று வருதல் வேண்டும். அங்குள்ள கல்வெட்டுகளையும், திருவுருவங்களின் பீடத்தில் பொறித்துள்ள எழுத்துகளையும் படமெடுத்து, படிக்க வல்லாரைக் கொண்டு படித்து எழுதிவைத்தல் வேண்டும். வீட்டுப் பரணில் ஏட்டுச்சுவடி இருப்பின் அதனை ஆற்றிலோ குப்பையிலோ இடாமல் உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். ஊரில் எண்பது வயது கடந்த பெரியோர் இருப்பின், அவர்கள் கண்ட திருவிழாக்களையும், நிலக்கொடைகளையும், உறவு முறைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இவை பெரும்பொருள் வேண்டும் பணிகள் அல்ல. ஒரு விடுமுறை நாளும், ஒரு குறிப்பேடும், சிறிது பொறுமையும் போதும்.

பத்துப் பொய்கைகளும் நான்கு நிறத் தாமரைகளும் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் நின்ற கல்வெட்டினை அக்காலத்தில் ஒருவரேனும் படியெடுத்து வைத்திருப்பின், அங்குத் தவமியற்றிய பெரியோர் திருப்பெயரைச் சொல்லி நாம் இன்று வணங்கியிருப்போம். அவர்கள் பெயர் அறியோமாயினும், அவர்கள் வணங்கிய அருகனையே நாமும் வணங்குகிறோம். நம் ஊர்களின் பெயரையும், நம் ஜினாலயங்களை எடுப்பித்தோர் பெயரையும் பின்வருவோர் அறியுமாறு எழுதிவைத்துச் செல்வோமாக.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!